பள்ளிவாசல் சைரனும் எஞ்சினியர் ஹிஷாமும்

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் கைப்பேசி திருத்தும் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகையில் 'எஞ்சினியர் ஹிஷாம்' என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருக்கும். அந்தப் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குக் கொடுக்கவில்லை. பலகைக்குப் பெயின்ட் அடித்தவன் கொடுத்தான். ஹிஷாம் சொன்னார், அவன் எழுதினான். உயர்தரப் பரீட்சையில் கணிதம் இரண்டு தடவையும் அவரைக் கைவிட்டது. இரண்டு தடவையும் வினாத்தாளில்தான் பிழை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அவள் ஒரு நாளைக்குத்தான் சொன்னாள், இவர் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கைவேலை தெரியாதவர் என்று சொன்னால் அது பாவம். பற்றவைக்கும் கம்பியைப் பிடித்தால் கை நடுங்காது. செத்த போன் பத்தில் ஏழுக்காவது உயிர் கொடுத்துவிடுவார். மிச்சம் மூன்றில்தான் ஆளின் குணம் தெரியும். அந்த மூன்றும் கொண்டுவந்தவர்களின் பிழை.

ஒருமுறை ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து இராக்கம்மா என்ற அம்மா வந்தாள். அவளுடைய போனில் சத்தம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஹிஷாம் அதைக் கழற்றி, எதையோ சுரண்டி, திரும்ப மூட்டினார். அதற்குப் பிறகு போன் எரியவே இல்லை.

"தண்ணி பட்டீக்கி," என்றார்.

"தண்ணியே படலீங்க மொதலாளி. பைய ரெண்டாச் சுத்தித்தான் மலைக்குக் கொண்டு போறது."

"அப்பிடியெண்டா வேர்வ பட்டீக்கி."

"வர்றப்ப பேசிக்கிட்டேதாங்க வந்தேன். ஒங்க மேசையில ஏறுன பொறகுதான் செத்துச்சு. எங்க வேர்வ அம்புட்டு நேரம் காத்துக்கிட்டு இருந்துச்சாக்கும்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹிஷாம் சிரிக்கவில்லை. இராக்கம்மா செத்த போனைப் பையில் சுற்றிக்கொண்டு நடந்தாள். தோட்டத்து ஆட்களுக்குச் சாமான் பாவிக்கத் தெரியாது என்று அவர் அன்று பூராவும் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் பள்ளிவாசல் நிர்வாகம் தன் சைரனைத் தூக்கிக் கொடுத்தது.

ஹிஷாமின் வீடு நகரத்தின் ஓரத்தில், சின்னப் பள்ளிவாசல் ஒன்றின் முன்னால் இருக்கிறது. அந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லா முழுவதும் மலைக்கு அடியில் கிடக்கிறது. பின்னேரம் ஆனதும் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அது உண்மையில் எப்போது மறைகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர் அங்கே எவரும் இல்லை. மழைக்காலமென்றால் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும். அதனால் நோன்பு காலத்தில் எல்லோருடைய காதும் பள்ளிவாசல் சைரனில்தான். சைரன் ஊதினால் பேரீச்சம்பழம் வாய்க்குள் போகும். கையில் கடிகாரம், சட்டைப்பையில் போன், சுவரில் நேரசூசி என்று எல்லாம் இருக்கும். சைரன் ஊதிய பிறகு அதையெல்லாம் பார்க்கிறவன் பசி தெரியாதவனாக இருக்க வேண்டும்.

சைரனை ஊதி வந்தவர், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அஸீஸ். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து மின் ஆளியைத் தட்டுவார். ஒரு நாளும் பிந்தியதில்லை, முந்தியதில்லை. ஆனால் நிர்வாகத் தலைவர் ஸவாஹிர் ஹாஜியாருக்கு அது போதவில்லை. கொழும்பில் ஒரு பள்ளிவாசலில் எல்லாம் தானாக நடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஊரில் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிற ஆசை அவருக்கும் வந்தது. அடுத்த ஜும்ஆ முடிந்ததும் ஹிஷாமைக் கூப்பிட்டார்.

"எஞ்சினியர் தம்பி, நம்மட பள்ளிக்கும் அப்பிடி ஒண்டு செய்ய ஏலுமா?"

"எனத்துக்கு ஏலா ஹாஜியார்? லினக்ஸ் போர்ட் ஒண்டு, சின்னக் கம்பியூட்டர் மாதிரி, போட்டா சரி. நேரசூசி பூரா அதுக்குள்ள. மனுஷன்ட கை படத் தேவல்ல."

"செஞ்சி தாங்கோ. நோம்புப் பெருநாள் முடிஞ்ச கையோட நிர்வாகத்துல ஒங்கட பேரும் வரும்."

இந்தக் கடைசி வார்த்தை ஹிஷாமின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் வக்கீல் இருக்கிறார், ஓய்வுபெற்ற அதிபர் இருக்கிறார், நகைக்கடை முதலாளிகள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே பாயில் உட்கார்ந்தால் பெயர்ப்பலகையில் எழுதியது உண்மையாகிவிடும். அதற்குப் பிறகு கணிதப் பாடத்தைப் பற்றி எவன் கேட்கப் போகிறான்?

சைரனை மினாராவிலிருந்து இறக்கி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். சோற்றுப் பானை அளவு சாமான், உள்ளே ஒரு மோட்டார். மனைவி றிப்தா ஒரு மாதம் அடுப்படியில் பலகை போட்டுச் சாப்பிட்டாள்.

அது அவருக்கு விளங்காத வேலை இல்லை. போர்ட்டில் வரிசையாகக் கால்கள் இருக்கும். அதில் ஒரு காலிலிருந்து டைமர் துடிப்பு அனுப்பும். துடிப்பு அகலமானால் மோட்டார் வேகமாகச் சுற்றும், ஒடுங்கினால் மெதுவாகும். சைரன் தணிந்த குரலில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, உச்சியில் நின்று, பிறகு இறங்கும்படி ஹிஷாம் எழுதியிருந்தார். அது அழகாகத்தான் இருந்தது. அதற்காக அவர் தன்னைத்தானே பலமுறை பாராட்டிக்கொண்டார்.

ஒரு குறை மட்டும் இருந்தது. போர்ட்டுக்குக் கரண்ட் கொடுத்தவுடன், எவரும் சொல்லாமலே சைரன் அலறும். ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, எடுத்த எடுப்பிலேயே உச்சக் குரல். அரை நிமிடம் கத்திவிட்டுத் தானாக அடங்கும். றிப்தா தலையணையை எடுத்து அதன் மேல் அமுக்குவாள். ஒவ்வொரு தடவையும் இதே கூத்து.

றிப்தாவின் தங்கை ஆதிலா கொழும்பில் இப்படிப்பட்ட போர்ட்களுக்கு நிரல் எழுதும் வேலையில் இருக்கிறாள். ஒரு நாள் தொலைபேசியில் பேசும்போது அந்த அலறல் அவள் காதிலும் விழுந்தது.

"மச்சான், மோட்டார ஓட்டுற அந்தக் கால், போர்ட் எழும்பி பூட் ஆகும்போது சும்மா உயரத்துல நிக்குது, முழுக் கரண்டும் போகுது," என்றாள். "உள்ளுக்குள்ள கேர்னல் எழும்பி வந்து டைமர்ட கைல குடுக்கிற வரைக்கும் அதுக்குச் சொந்தக்காரன் இல்ல. முதல்ல எழும்புற பூட்லோடர்லயே அந்தக் கால இறக்கி வெச்சிட்டா சரி. ரெண்டு மூணு வரிதான், நான் எழுதி அனுப்புறன். காலுக்கும் தரைக்கும் நடுவுல சின்ன ரெசிஸ்டர் ஒண்டும் போடுங்கோ."

ஹிஷாமுக்கு விளங்கியது. நன்றாகவே விளங்கியது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மனைவியின் தங்கை, அவருடைய கல்யாணத்தில் பலூன் கேட்டு அழுத சின்னப்பிள்ளை, அவருக்குப் பாடம் எடுப்பதா?

"அது பூட் ஆகும்போது ஸலாம் செல்லுது," என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு றிப்தாவிடம், "ஒருக்காப் போட்டா அது பொறகு அணையவே அணையா. பள்ளில பெட்டரி வெக்கிற. எப்பவும் நடக்காத ஒண்டுக்கு எனத்துக்கு மெனக்கெடோணும்?" என்றார். ஆதிலா அனுப்பிய வரிகள் போனிலேயே கிடந்தன. பெட்டரியும் கடையில் யாரோ எறிந்துவிட்டுப் போன பழைய பெட்டரிதான்.

நோன்பு பிறந்தது. முதல் நாள் சைரன் தணிவாகத் தொடங்கி ஏறி இறங்கியதும், பள்ளிவாசலில் கஞ்சிக் கோப்பையோடு இருந்தவர்கள் தலையை ஆட்டி ரசித்தார்கள். ஹாஜியார் ஹிஷாமின் தோளைத் தட்டினார். அஸீஸ் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றார். நேரம் சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று அவரும் சொன்னார். அந்த மனிதருக்கு வஞ்சகம் தெரியாது.

பாதி நோன்பு கழிந்த ஒரு பின்னேரம் இடியோடு மழை வந்தது. கரண்ட் போனது. நமுனுகுலைப் பக்கம் எங்கோ மரம் விழுந்துவிட்டது என்றார்கள். பழைய பெட்டரி ஒரு மணித்தியாலம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுச் செத்துப்போனது. ஆறு மணிக்கே மஹல்லா இருட்டிவிட்டது. ஹிஷாமும் றிப்தாவும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மேசைக்கு முன்னால் இருந்தார்கள். கஞ்சி, சமோசா, ஒரு தட்டில் பேரீச்சம்பழம். நோன்பு திறக்க இன்னும் ஏழெட்டு நிமிடம் இருந்தது.

கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது, குளிர்சாதனப்பெட்டி உறுமியது. அடுத்த கணம் பள்ளிவாசல் சைரன் எடுத்த எடுப்பில் உச்சக் குரலில் அலறியது.

ஹிஷாமுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஊரில் வேறு எவருக்கும் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். இது நேரம் சொல்லும் சைரன் இல்லை. பூட் ஆகும் போர்ட். சொந்தக்காரன் இல்லாத அந்தக் கால் உயரத்தில் நிற்கிறது.

பள்ளிவாசல் வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கைக்கு அந்தப் பக்கம்தான். ஓடிப் போய்க் கத்தலாம். சட்டைப்பையில் போன் இருக்கிறது, அதில் ஹாஜியாரின் இலக்கம் இருக்கிறது, மௌலவியின் இலக்கம் இருக்கிறது. 'தின்னவேணாம்' என்ற ஒரே வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் 'ஏன்?' என்று கேட்பார்கள். வக்கீல் கேட்பார், அதிபர் கேட்பார். பெருநாள் கழிந்தால் கிடைக்கப்போகிற பாய் அத்தோடு போச்சு. இந்தக் கணக்கைப் போட்டு முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு நேரம் கூட எடுக்கவில்லை. பரீட்சையில் மட்டும் இந்த வேகம் இருந்திருந்தால் உண்மையிலேயே எஞ்சினியர் ஆகியிருப்பார்.

றிப்தா எடுத்த பழத்தைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"இது ஏறி வரல்லயே," என்றாள்.

"எனத்த?"

"சைரன். இது எடுத்தவுடனேயே கத்துது. மேசைல கரண்ட் போட்டாக் கத்துமே, அதுதான் இது. போன எடுத்து நேரத்தப் பாருங்கோ."

"மழைக்கி அப்பிடித்தான் கேக்கும். தின்னு."

"நான் தின்னல்ல. நீங்களும் தின்னவேணாம். ஓடிப் பெய்த்து செல்லுங்கோ, பாவம் சனம்!"

பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. ஹிஷாம் போனை எடுக்கவில்லை. நேரத்தைப் பார்த்தால்தானே தெரிந்தது என்றாகும்? உதடு அசைய நோன்பு திறக்கும் துஆவை ஓதினார். ஒரு பழத்தைத் தின்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால் இன்னொன்றையும் தின்றார். றிப்தா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அப்படியே இருந்தாள்.

பள்ளிவாசலில் அஸீஸ் அப்போது தொழுகைக்காகக் கைகால் கழுவி வுழூச் செய்துகொண்டிருந்தார். ஈரக் கையோடு ஓடி வந்து, "நேரமாகல்ல, தின்னவேணாம்!" என்று கத்தினார். அவர் குரலை அவருடைய சைரனே விழுங்கிவிட்டது. கடைசியில் போர்ட் இருந்த பெட்டியைத் திறந்து, அதன் வயரைப் பிடுங்கி எறிந்தார். சத்தம் நின்றது. அதற்குள் மண்டபத்தில் எல்லோர் வாயிலும் பழம், பாதிப் பேரின் வயிற்றில் கஞ்சி. திரும்பிப் பார்த்தவர்கள் கண்ணில் பட்டது ஒரே காட்சி: திறந்து கிடந்த பெட்டி, கையில் வயரோடு அஸீஸ். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சரியான நேரத்தில் அவரே பாங்கு சொன்னார். அது கேட்ட பிறகுதான் றிப்தா தண்ணீர் குடித்தாள்.

அந்த இரவே மௌலவி விளக்கம் சொன்னார். தெரியாமல் நேரத்துக்கு முன் நோன்பு திறந்தவர்கள் மீது குற்றமில்லை, ஆனால் அந்த ஒரு நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு திரும்பப் பிடித்துக் கழா செய்ய வேண்டும். தெரியாமல் என்ற சொல்லை அவர் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். முன் வரிசையில் இருந்த ஹிஷாம் மிகவும் பக்தியாகத் தலையை ஆட்டினார்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நிர்வாகம் கூடியது. எஞ்சினியரின் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. ஹிஷாம் பெட்டியைப் புரட்டினார், திருப்புளி கேட்டார், உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். போன் கடையில் தினமும் ஆடுகிற அதே ஆட்டம்.

"போர்ட்ல ஒரு பிழையும் இல்ல ஹாஜியார். யாரோ கை வெச்சீக்கி."

"அது கத்தின பொறகுதான் தம்பி நான் கை வெச்ச," என்றார் அஸீஸ்.

"அப்பிடித்தான் எல்லாரும் செல்ற."

ஹாஜியார் அவரைக் கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுக்கச் சொன்னார். ஓய்வு என்றால் என்னவென்று அஸீஸுக்குத் தெரியும். மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு தெமோதரையில் இருக்கும் மகள் வீட்டுக்கு பஸ் ஏறினார்.

அன்று காலை ஹிஷாம் கடை திறக்கவில்லை. ஆதிலாவின் வரிகளைப் போனில் தேடியெடுத்து, பூட்லோடருக்குள் ஒன்றுவிடாமல் ஏற்றினார். சின்ன ரெசிஸ்டரையும் பற்றவைத்தார். கரண்ட் கொடுத்துப் பார்த்தார். போர்ட் பூனைபோல எழும்பியது, சைரன் மூச்சுக்கூட விடவில்லை. பத்து நிமிட வேலை. அடுத்த வாரம் கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. சைரன் நேரத்துக்கு மட்டும் ஊதியது.

"பாத்தீங்களா ஹாஜியார்?" என்றார் ஹிஷாம். "அஸீஸ் நானா போன பொறகு ஒரு கரச்சலும் இல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்திருக்கிறோம். மறைத்துவிட்டு, சோறு ருசியாக இருக்கிறது என்று பாராட்டு வாங்குகிறவனை அந்த மஹல்லாவில்தான் பார்க்கலாம்.

"நீங்களே பெய்த்து உண்மையச் செல்லுங்கோ," என்றாள் றிப்தா. "அந்த மனுஷன் கண்ணீரோட போன."

"சரி, சரி. பெருநாள் கழியட்டும்."

பெருநாள் கழிந்தது. ஹிஷாம் புதுச் சட்டை தைத்தார், உண்மையை மறந்தார். ஊரெல்லாம் ஒரே நாளில் கழா நோன்பைப் பிடித்து, பள்ளிவாசலில் ஒன்றாகக் கஞ்சி குடிப்பது என்று ஸவாஹிர் ஹாஜியார் ஏற்பாடு செய்தார். ஒரு திங்கட்கிழமை. அன்று பின்னேரம் கஞ்சிக்கு முன் புது நிர்வாகத்தின் பெயர்கள் வாசிக்கப்படும்.

திங்கட்கிழமை மத்தியானம் ஹிஷாம் மின்விசிறிக்குக் கீழே தலைவலியோடு படுத்திருந்தார். அடுப்படியிலிருந்து கருவாடு பொரியும் வாசம் வந்தது. கொஞ்ச நேரத்தில் றிப்தா சோறு, பருப்பு, கருவாடு எல்லாவற்றையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மனுஷன் நோம்போட ஈக்கிற நேரம் கருவாடு பொரிக்கிறதா?"

"நோம்பில்லாத ஆள் பசியோட ஈக்கோணுமா?" என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸலாம் கேட்டது. ஸவாஹிர் ஹாஜியாரும் அவர் மனைவி ஸுபைராவும். புது நிர்வாகத்தில் வருகிறவர்களை வீடு தேடிப் போய் அழைப்பது ஹாஜியாரின் வழக்கம். ஹிஷாம் பாய்ந்து எழும்பிச் சட்டையை மாட்டினார். றிப்தா எழும்பி வரவேற்றாள், ஆனால் தட்டை மறைக்கவில்லை.

ஹாஜியார் மேசையைப் பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பினார். ஸுபைரா பெண்ணுக்குப் பெண் விளங்கியதாகச் சிரித்து, "பரவால்ல மகள். வேற ஒரு நாளைக்கிப் புடிங்கோ," என்றாள்.

"அதில்ல மாமி. எனக்குக் கழா இல்ல. நான் அன்டைக்கித் தின்னல்ல."

"ஏன், சைரன் கேக்கல்லயா?"

"கேட்ட. அது நோம்பு தொறக்கிற சைரன் இல்ல. இந்த மேசைல ஒரு மாசம் கத்தின சத்தம். கரண்ட் போட்டா அது தானாக் கத்தும். பாங்கு கேட்ட பொறகுதான் நான் தொறந்த."

ஹாஜியார் மெல்ல ஹிஷாமின் பக்கம் திரும்பினார்.

"தானாக் கத்துமா? அப்ப அஸீஸ்?"

"கரண்ட் வாற நேரத்துல, ஹாஜியார், சில போர்ட்ல..."

"நீங்களும் அன்டைக்கித் தின்னல்லயா தம்பி?"

ஹிஷாம் மனதுக்குள் கணக்குப் போட்டார். தின்னவில்லை என்றால், ஊர் தின்னும்போது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். தின்றேன் என்றால், தெரிந்து தின்றவர் ஆகிவிடுவார். கணிதத்தில்கூட இவ்வளவு மோசமான கேள்வி வந்ததில்லை.

"இவர் தின்ன," என்றாள் றிப்தா. "ரெண்டு பழம். நான் வேணாமெண்டு செல்லச் செல்லத் தின்ன. சனம் தெரியாமத் தின்ன, மாமி. இவர் ஒராள்தான் தெரிஞ்சி தின்ன."

ஸுபைரா வாயில் கை வைத்தாள். ஹாஜியார் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"மகள், அஸீஸ் நானாட மகள்ட வீடு தெமோதரைல எந்தப் பக்கம்?"

"ஸ்டேஷனுக்கு மேல, ஹாஜியார். கேட்டாக் காட்டுவாங்க."

"நான் வந்து காட்டித் தாறன் ஹாஜியார்," என்று ஹிஷாம் அவசரமாகப் படியிறங்கினார்.

"வேணாம் எஞ்சினியர்," என்றார் ஸவாஹிர் ஹாஜியார். "நீங்க நோம்பாளி. பெய்த்துப் படுங்கோ."